பவதாரணி திறந்த இரண்டாவது பக்கம்

பவதாரணியிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தால் அதை இரண்டு தரம் வாசிப்பாள். முதல் தரம், அதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அறிய. இரண்டாம் தரம், நிரப்புகிற ஆள் எந்த இடத்தில் பிழைவிடுவார் என்று பார்க்க. யாழ்ப்பாண நகரில் ஒரு தட்டச்சுக் கடையில் ஒன்பது வருடம் வேலை செய்ததில் வந்த பழக்கம் அது. பெயரில் ஒரு எழுத்துப் பிசகியதற்காக நெடுந்தீவிலிருந்து படகும் பஸ்ஸும் ஏறி இரண்டாம் முறை வந்து நின்ற மனிதர்களை அவள் அங்கே கண்டிருக்கிறாள். அந்த முகங்கள் அவளுக்கு மறக்கவில்லை.

கலியாணம் முடித்து, புங்குடுதீவிலுள்ள மடத்துவெளிக்கு வந்த பிறகு, ஊரின் நன்னீர் மன்றத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. புங்குடுதீவில் பெரும்பாலான கிணறுகளின் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீர் பக்கத்துத் தீவின் சாட்டியிலிருந்து பவுசர் என்கிற தண்ணீர் லொறியில்தான் வரும். கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் சேர்ந்து அந்தப் பவுசரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவனான நிசாந்தன் ரொறன்ரோவில் மென்பொருள் வேலை செய்கிறவன். தண்ணீருக்குப் பதிவு செய்ய ஓர் இணையத்தளத்தையும் அவனே கட்டிக் கொடுத்தான். வீட்டு எண்ணையும் நான்கு இலக்க இரகசிய எண்ணையும் கொடுத்து உள்ளே போனால், எத்தனை லீற்றர், எந்த நாள் என்று கேட்கும். பதிந்தால் அது பவுசர் ஓட்டுகிற யாக்கோப்பின் போனில் பட்டியலாக வந்து விழும்.

போனில் பார்க்கத் தெரிந்தவர்கள் தாங்களே பதிந்தார்கள். தெரியாதவர்கள் பவதாரணிக்கு ரெலிபோன் எடுத்தார்கள். அவள் அவர்களுடைய எண்களைக் கொடுத்து, அவர்கள் பெயரிலேயே உள்ளே போய், பதிந்து, வெளியேறிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவாள். இருநூற்றுச் சொச்சம் வீடுகள். மழை பிந்திய வருடங்களில் காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் ரெலிபோன் ஓயாது.

போன வருடம் ஆவணியில்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

சிவக்கொழுந்தின் கணவர் தம்பையா காலமாகி முப்பத்தோராம் நாள். விடியற்காலையில் கீரிமலைக்குப் போய்க் கிரியைகளை முடித்துக்கொண்டு, மத்தியானம் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு எண்பது பேர் வரை வருவார்கள். அதற்காக மூன்று நாளுக்கு முன்பே சிவக்கொழுந்து ரெலிபோன் எடுத்து, முதல்நாள் பின்னேரம் இரண்டாயிரம் லீற்றர் வேண்டுமென்று பவதாரணியிடம் சொல்லியிருந்தார். சொன்ன பின்னேரம் தண்ணீர் வரவில்லை. இருட்டப்போகிற நேரத்தில்தான் அது வராது என்று வீட்டுக்காரருக்கு உறைத்தது. அயல் வீடுகளில் கான்களும் வாளிகளும் இரந்து வாங்கி, அடுத்த நாள் சமையலை ஒருவாறு ஒப்பேற்றினார்கள். சாப்பிட வந்தவர்களில் சிலருக்குக் கை கழுவ உவர்த் தண்ணீர்தான் கிடைத்தது. புருசன் போய் ஒரு மாதமே ஆன மனுசிக்கு ஊர்முன் அப்படியொரு குறை.

அதே பின்னேரம் யாக்கோப்பு இரண்டாயிரம் லீற்றரைக் கிறேஸ் என்ற பெண்ணின் வீட்டுத் தொட்டியில் இறக்கியிருந்தார். கிறேஸ் அவருடைய மனைவியின் தங்கை.

ஊருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? செத்தவீட்டுத் தண்ணீரைத் திருப்பி மச்சாள் வீட்டுக்கு ஊற்றிவிட்டான் என்று கதை நடந்தது. யாக்கோப்பு தன் போனைத் திறந்து காட்டினார். பட்டியலில் கிறேஸ் பெயர் இருந்தது, சிவக்கொழுந்து பெயர் இல்லை. அது அவருக்கு உதவவில்லை. ஏனென்றால் கிறேசிடம் விசாரித்தபோது, தான் தண்ணீர் கேட்கவில்லை என்றும், வந்ததும் அத்தான்தான் பார்த்து ஒழுங்கு செய்தார் என்று நினைத்து வாங்கிக்கொண்டதாகவும் அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். மன்றத் தலைவர் அப்புத்துரை கண்டிப்பான மனிதர். அடுத்த கூட்டம் வரை பவுசரைத் தொட வேண்டாம் என்று யாக்கோப்பிடம் சொல்லி, நாரந்தனையிலிருந்து வேறொரு சாரதியை ஒழுங்கு செய்தார். யாக்கோப்பு மண்டைதீவில் பிறந்து, இங்கே பெண்ணெடுத்து, இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறவர். பவுசரை ஸ்ராட் பண்ணுகிற திறப்பை மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பவதாரணிக்கு அது மனத்தில் முள்ளாய்க் குத்தியது. சிவக்கொழுந்தின் பதிவைத் தான் போட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. திரையில் அந்தப் பெயரைப் பார்த்தாள். கீழே 'உறுதி செய்' என்ற பொத்தானை அழுத்தினாள். 'பதிவு ஏற்கப்பட்டது' என்று வந்ததையும் பார்த்தாள். ஆனால் இப்போது திறந்து பார்த்தால் சிவக்கொழுந்தின் கணக்கில் ஒன்றுமில்லை. உனக்குத்தான் தவறியிருக்கும் பிள்ளை, எத்தனை பேருக்குப் பதிகிறாய் என்று அப்புத்துரை ஆறுதலாகவே சொன்னார். வேறு சிலர், சாரதிக்கும் இவளுக்கும் ஏதோ ஒப்பந்தம் என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

அவள் நிசாந்தனுக்கு எடுத்தாள். இங்கே காலை ஏழு மணி, அங்கே அவன் இரவுச் சாப்பாடு முடித்திருக்கிற நேரம். அவன் தட்டிக்கழிக்கவில்லை. அடுத்த நாள் அவனே திரும்ப எடுத்தான்.

"அக்கா, நான் இருபது தரம் செய்து பாத்திட்டன். எனக்கு இஞ்சை ஒழுங்கா வேலை செய்யுது. உங்கடை பிறவுசரிலை பழசு ஏதும் தேங்கி நிக்குதாக்கும். எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திரும்பத் திறந்து பாருங்கோ."

கணினி பழக்கிய எல்லோரும் சொல்கிற மருந்து அது. அழி, திரும்பத் திற, சரியாகிவிடும். பலநேரம் சரியாகியும் விடும். பவதாரணி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அழிச்சா அண்டைக்கு நடந்ததும் சேர்ந்தெல்லோ அழிஞ்சு போகும், தம்பி? பிறகு யாக்கோப்பு அண்ணைக்காக நான் என்னத்தைக் காட்டிறது?"

அவள் அழிக்கவில்லை. அதைவிட அன்றைக்கு அவள் செய்த கெட்டித்தனம் வேறில்லை என்று நிசாந்தன் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறான்.

எந்தப் பக்கத்தை எத்தனை மணிக்குத் திறந்தோம் என்பதைப் பிறவுசர் தானாகவே குறித்து வைத்திருக்கும். பவதாரணி அந்தப் பட்டியலை விரித்து, சிவக்கொழுந்து எடுத்த நாளைத் தேடினாள். ஒன்பது பன்னிரண்டுக்கு நுழைவுப் பக்கம். அடுத்த நிமிடம் பதிவுப் படிவம். ஒன்பது பதினைந்துக்கு மறுபடியும் நுழைவுப் பக்கம். இரண்டுக்கும் இடையில் வெளியேறிய தடமே இல்லை. ஒருவரை வெளியேற்றாமல் இன்னொருவரை ஏன் உள்ளே கொண்டுபோனேன் என்று அவள் தன்னையே கேட்டாள். மன்றத்து ரெலிபோனில் வந்த அழைப்புகளைப் பார்த்தாள். ஒன்பது பதினான்குக்கு ஓர் அழைப்பு இருந்தது, கிறேசின் எண்ணிலிருந்து.

அப்போது ஞாபகம் வந்தது. தன்னுடைய முறை எந்தக் கிழமை என்று கேட்கத்தான் கிறேஸ் எடுத்திருந்தாள். சிவக்கொழுந்தின் படிவம் பாதியில் நின்றதால், அதை மூட மனமில்லாமல் பக்கத்தில் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து, கிறேசின் எண்களைக் கொடுத்து உள்ளே போய், முறையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பழைய பக்கத்துக்குத் திரும்பி வந்து 'உறுதி செய்' அழுத்தியிருக்கிறாள். ரெலிபோன் ஓயாத காலைகளில் எப்போதாவது அப்படிச் செய்வதுண்டு.

இது காரணமாக இருக்கலாம் என்று பட்டது. ஆனால் படுவது போதாது, நடத்திப் பார்க்காமல் தன் ஞாபகத்தைக்கூட அவள் நம்பமாட்டாள். தன் வீட்டு எண்ணையும் தமக்கை வீட்டு எண்ணையும் வைத்துச் சோதித்தாள். முதல் மூன்று தடவையும் ஒன்றும் பிழைக்கவில்லை. அவரவர் பதிவு அவரவர் பெயரிலேயே விழுந்தது. பிறகு உட்கார்ந்து பார்த்தபோது விளங்கியது: சோதிக்கிற அவசரத்தில் ஒவ்வொரு பதிவையும் ஒழுங்காக முடித்துவிட்டே அடுத்ததைத் திறந்திருக்கிறாள். அன்றைக்கு அப்படி நடக்கவில்லையே. வேலை அறுந்தல்லவா போனது. ஆகவே தமக்கையிடம், நான் படிவத்தை நிரப்புகிறபோது பாதியில் ரெலிபோன் எடு என்று சொல்லி வைத்தாள். தமக்கை எடுத்தாள். பவதாரணி இரண்டாவது பக்கத்தைத் திறந்து தமக்கையாக உள்ளே போனாள், பார்த்தாள், முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். அங்கே தன்னுடைய பெயரே பெரிதாகத் தெரிந்தது. அழுத்தினாள். 'பதிவு ஏற்கப்பட்டது.'

தன் கணக்கைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தமக்கையின் கணக்கில் ஐந்நூறு லீற்றர்.

அவளுக்கு முதலில் சந்தோசம் வந்தது. அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. யாக்கோப்பு திறப்பை வைத்துவிட்டுப் போனது தன் விரல் செய்த வேலையால் என்று தெரிந்த பிறகு எந்தச் சந்தோசம் நிற்கும்? தான் செய்ததைத் தானே தோண்டி எடுத்துவிட்டோம் என்று கதிரையில் அப்படியே இருந்தாள்.

பின்னேரம் கணவன் வசீகரன் பனந்தும்புப் பட்டறையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நல்லவன், அவள்மேல் உயிர். தளத்தில் பிழை இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதுமே, அதுவும் உண்மைதானே, இரண்டு பக்கம் திறந்த கதையை ஏன் ஊருக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டான்.

"பாதியைச் சொன்னா அந்த மனிசனிலை பாதிச் சந்தேகம் நிக்கும்," என்றாள் பவதாரணி. "என்னெண்டு நடந்ததெண்டு முழுக்கத் தெரிஞ்சாத்தான் சனம் விடும்."

அடுத்த காலை நிசாந்தனை வீடியோவில் எடுத்து, போனைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி செய்து காட்டினாள். அவன் முடியும்வரை பார்த்தான். பிறகு, தான் இருபது தரமும் ஒரே ஆளாகவே உள்ளே போய்ச் சோதித்ததாக ஒப்புக்கொண்டான். உள்ளே நுழைகிறபோது தளம் பிறவுசரிடம் ஓர் அடையாளச் சீட்டைக் கொடுக்கும் என்று விளக்கினான். ஒரு தளத்துக்குப் பிறவுசரிடம் ஒரு சீட்டுத்தான் இருக்கும், எத்தனை பக்கம் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் அது பொது. கிறேஸ் உள்ளே வந்ததும் சிவக்கொழுந்தின் சீட்டு போய்விட்டது. ஆனால் முதல் பக்கம் முன்பே வரைந்து வைத்த படம் மாதிரி, பழைய பெயரையே காட்டிக்கொண்டு நின்றது. பொத்தானை அழுத்தியபோது, பதிவுகளை வாங்கி எழுதுகிற சேர்வர் பார்த்தது கையிலிருந்த சீட்டை, அதாவது கிறேசை. இனி ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் திறக்காமல் விட்டால் சரி அக்கா, என்று முடித்தான்.

அந்த இடத்தில் பவதாரணி விடவில்லை.

"நான் திறந்தது பிழைதான், அதை நான் கூட்டத்திலை சொல்லுவன். ஆனா திரையிலை சிவக்கொழுந்து எண்டு காட்டிப்போட்டுக் கிறேசின்ரை பேரிலை எழுதினது நானோ, நிசாந்தன்? நாளைக்கு வேற ஆரும் இந்தக் கதிரையிலை இருந்து இதையே செய்தா?"

"இல்லை அக்கா," என்றான் அவன். "அது என்ரை பிழை. நான் மாத்திறன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலை மண்டபத்தில் கூட்டம். யாக்கோப்பு வந்து பின்வரிசையில் ஓரமாக இருந்தார். பவதாரணி மன்றத்துக் கணினியைத் தூக்கி வந்து மேசையில் வைத்து, திரையைச் சனத்தின் பக்கம் திருப்பினாள். விளக்கம் எதுவும் சொல்லாமல், அப்புத்துரையை முன்னே வந்து அவருடைய வீட்டுக்கே தண்ணீர் பதியும்படி கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசித்து நிரப்பினார். உறுதி செய்கிற நேரத்தில், ஐயா ஒரு நிமிடம், கிறேசின் முறை எப்போதென்று பக்கத்தில் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ என்றாள். கிறேஸ் முன்வரிசையில் இருந்து தன் எண்களைச் சொன்னாள். அவர் புதுப் பக்கத்தில் பார்த்துச் சொன்னார். பிறகு தன் பக்கத்துக்குத் திரும்பி, மேலே தன் பெயர் இருப்பதை எல்லோருக்கும் கேட்க வாசித்துவிட்டு, பொத்தானை அழுத்தினார்.

அவருடைய தண்ணீர் கிறேசின் கணக்கில் போய் இருந்தது.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அப்புத்துரை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, திரையைப் பார்த்தார்.

"அண்டைக்கு இதைச் செய்தது என்ரை கை," என்றாள் பவதாரணி. "யாக்கோப்பு அண்ணை தன்ரை போனிலை என்ன வந்ததோ அதைத்தான் கொண்டுபோய் இறக்கினவர். அவரிலை ஒரு பிழையும் இல்லை. தளத்திலை ஒரு ஓட்டை இருந்தது, அதுக்குள்ளை நான் விழுந்தனான். பழி அவரிலை வந்திட்டுது."

அப்புத்துரை எழுந்து பின்வரிசைவரை நடந்துபோய், பவுசர்த் திறப்பை யாக்கோப்பின் கையில் கொடுத்தார். நான் விசாரிக்காமல் செய்துபோட்டன், மனத்தில் வைக்காதையும் என்றார். யாக்கோப்பு, விடிய எத்தனை வீட்டுக்கு ஓடவேண்டும் என்றுதான் கேட்டார்.

கூட்டம் முடிந்து பவதாரணி நேராகச் சிவக்கொழுந்தின் வீட்டுக்குப் போனாள். துடக்குக் கழிந்த வீட்டில் தம்பையாவின் படத்துக்குமுன் விளக்கு எரிந்தது. அவள் சொன்னதை எல்லாம் சிவக்கொழுந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். உடனே மன்னித்துவிடுகிற மனுசி அல்ல அவர். வந்த சனத்துக்கு முன்னால் தான் பட்ட வெட்கம் உமக்குத் தெரியாது என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். புறப்படுகிறபோதுதான் அவர் குரல் கொஞ்சம் இளகியது.

"ஒருத்தரும் உம்மைக் கேக்கேல்லை. நீராத்தான் வந்து சொன்னனீர். அது எனக்கு மனசிலை இருக்கும்."

நிசாந்தன் ஒரு கிழமைக்குள் தளத்தைத் திருத்தி அனுப்பினான். படிவத்திலுள்ள வீட்டு எண்ணும் சீட்டிலுள்ள ஆளும் ஒன்றாக இல்லாவிட்டால் இனிப் பதிவு நடக்காது, 'நீங்கள் திறந்த பக்கம் வேறொரு வீட்டுக்குரியது' என்று எச்சரிக்கை வரும். அதோடு பவதாரணிக்கென்று தனிக் கணக்கும் வைத்தான். அது அவள் கேட்டது. மற்றவர்களின் இரகசிய எண்களெல்லாம் தான் எழுதிவைக்கிற கொப்பியில் ஏன் இருக்கவேண்டும், தன் பெயரில் உள்ளே போய் வீட்டைத் தெரிந்தெடுத்துப் பதிந்தால் என்ன என்று கேட்டிருந்தாள். தனிக் கணக்கு வந்த அன்றே அந்தக் கொப்பியை அடுப்பில் வைத்து எரித்துவிட்டு, எல்லோரையும் எண்ணை மாற்றிக்கொள்ளச் சொன்னாள்.

திருத்தம் வந்ததும் அவள் செய்த முதல் வேலை, பழைய பிழையை மறுபடி செய்து பார்த்தது. எச்சரிக்கை வரவில்லை. பதிவு மறுபடியும் ஆள்மாறித்தான் விழுந்தது. நிசாந்தனுக்குப் பதறியது. அவனுடைய கணினியில் எச்சரிக்கை ஒழுங்காக வந்ததாம். இந்த முறை அவள் பதறவில்லை. அலுவலகக் கணினியிலும் தன் போனிலும் வசீகரனின் போனிலும் ஒரே காரியத்தைச் செய்து பார்த்தாள். வசீகரன் அந்தத் தளத்தை அதற்குமுன் திறந்ததே இல்லை. அவனுடைய போனில் மட்டும் எச்சரிக்கை வந்தது.

"முந்தித் திறந்த கருவியளிலை பழசு, புதுசாத் திறந்ததிலை புதுசு," என்று அவள் சொன்னதுமே நிசாந்தனுக்குப் பிடிபட்டது. இணைய வேகம் குறைந்த தீவு என்பதால், பக்கங்கள் சுறுக்காகத் திறக்கட்டும் என்று, ஒரு தரம் வந்ததைச் சேமித்து வைத்திருந்து அதையே காட்டும்படி பிறவுசர்களுக்கு அவனே சொல்லியிருந்தான். அவை சொன்ன சொல் தப்பாமல் பழைய தளத்தையும் பழைய ஓட்டையையும் பத்திரமாக வைத்திருந்தன. இனிச் சேமிக்காதே என்று தளத்தில் எழுதினான். ஆனால் அந்த அறிவித்தல்கூட, பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிற போன்களுக்கு உடனே போய்ச் சேராது. சேமித்ததை அழிக்கும்படி ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லவேண்டும். அழித்தது சரியா என்று எப்படித் தெரியும்?

பக்கத்தின் அடியில் ஒரு திகதி போடு தம்பி என்றாள் பவதாரணி. நீ கடைசியாக மாற்றிய திகதி. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டால், யார் பழையதைப் பார்க்கிறார், யார் புதியதைப் பார்க்கிறார் என்று ரெலிபோனிலேயே தெரிந்துவிடும். அவன் அரைமணித்தியாலத்தில் போட்டான். அவள் நான்கு நாள், போனில் பதிகிற வீடு ஒவ்வொன்றுக்கும் எடுத்து, அடியில் என்ன திகதி தெரிகிறது என்று கேட்டாள். திகதியே இல்லை என்றவர்களுக்கு எந்த இடத்தைத் தொட்டு எதை அழிக்கவேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, அழித்து முடியும்வரை காத்திருந்து, திகதியை வாசிக்கவைத்த பிறகே ரெலிபோனை வைத்தாள். சொல்லியும் ஏலாத பன்னிரண்டு வீடுகளுக்குச் சைக்கிளில் போனாள்.

இப்போது தளத்தில் எதை மாற்றினாலும் நிசாந்தன் முதலில் அவளுக்கே அனுப்புகிறான், ஊருக்கு விடமுன் உடைத்துப் பாருங்கோ அக்கா என்று. நாரந்தனையில் ஒரு சங்கம் இதே தளத்தை எடுத்துக்கொண்டபோது, அங்கே பதிகிற கஜானிக்குப் பழக்கிவிட அவளைக் கூப்பிட்டார்கள். போனவள் பழக்குவதற்கு முன், ஒருவர் வெளியேறிய பிறகு பின்போகும் அம்புக்குறியைத் தொட்டால் அவருடைய விபரம் மறுபடி தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. அதை நிசாந்தன் மறைத்துத் தந்த பிறகுதான் அந்தச் சங்கம் தளத்தைத் திறந்தது.

மன்றம் அவளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்து, என்ன வேண்டும் பிள்ளை என்று கேட்டது. காலை ஒன்பதிலிருந்து பத்துவரை ரெலிபோன் எடுக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றாள். ஒரு வேலையைப் பாதியில் அறுக்காமல் இருந்தால் பாதிப் பிழை வராது என்பது அவள் கண்டது. சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதியில்லை. ஆகவே தலைவர் அப்புத்துரையே அந்த ஒரு மணித்தியாலம் வந்து ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கிறார். ரெலிபோன் இரண்டு தரம் மணியடிக்கமுன் எடுத்துவிடுவார்.

"ஓம், நன்னீர் மன்றம். கொஞ்சம் பொறும். பவதாரணி இன்னொரு ஆளின்ரை அலுவலிலை நிக்குது, அதை முடிச்சிட்டு உம்மட்டை வரும்."